ஈடு செய்ய முடியுமா?

சென்ற தவணை முடிவில் ஒரு மாலை நேரம். பாடசாலை மைதானத்தின் ஓரத்திலே, வேப்பமர நிழலில், உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அமர்ந்து ஆங்கிலநாட்டு உதைபந்தாட்டக் கழகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றிலிருந்து அதன் முன்கள வீரன் விலகிப் பெரிய கழகம் ஒன்றுக்குப் போய்விட்டானாம். இனி அந்தச் சிறிய கழகத்தின் கதி யாது என்று ஒருவன் கவலைப்பட்டான். அருகிலிருந்தவன் சிரித்தான். "போனா என்ன, இன்னொருத்தனை வாங்குவினம். அவ்வளவுதானே, சேர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

நான் அப்பொழுது விடையொன்றும் கூறவில்லை. ஆயினும் 'அவ்வளவுதானே' என்ற அச்சொல் வீடுவரை என்னைத் தொடர்ந்து வந்தது. ஒருவன் போனால் அவனுடைய இடத்தில் இன்னொருவனை வைத்துவிடலாம் என்ற எண்ணம் மைதானத்துக்கு மட்டும் உரியதன்று. தொழிற்சாலையில், அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், ஏன், சில வேளைகளில் குடும்பத்திலுங்கூட அவ்வெண்ணம் ஆட்சி செலுத்துகின்றது. மனிதனை மனிதனால் ஈடு செய்ய முடியுமா? முடியுமாயின், மனிதனுக்கென்று தனி மதிப்பு எங்கே இருக்கின்றது? முடியாதாயின், ஒருவர் போன பின்னும் உலகம் நடந்துகொண்டிருப்பது எவ்வாறு? கேள்வி பழையதுதான். அதனை வானத்திலே வைத்து ஆராயாமல், அந்த மாணவன் காட்டிய மைதானத்திலேயே வைத்து ஆராய்ந்து பார்ப்போம்.

உதைபந்தாட்டத்திலே கோல் என்பது அரிதாகக் கிடைக்கும் பொருள். தொண்ணூறு நிமிடம் இருபத்திரண்டு பேர் ஓடி உழைத்தும் ஒரு கோலோ இரண்டு கோலோதான் பல போட்டிகளின் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, பத்துப் பேருடைய உழைப்பைக் கடைசிக் கணத்திலே பலனாக மாற்றத் தெரிந்த முன்கள வீரனுக்குச் சந்தையில் மற்றெவரையும்விட விலை அதிகம். இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் 20 கழகங்களும், அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 24 கழகங்களுமாக மொத்தம் 92 கழகங்கள் உள்ளன. ஆண்டுதோறும் மேலுள்ள சில கீழே வீழ்கின்றன. கீழுள்ள சில மேலே ஏறுகின்றன. பெரிய கழகத்திடம் நான்கு முன்கள வீரர் இருக்கலாம். சிறிய கழகத்திடம் ஒருவனே இருப்பான். அவன் போய்விட்டால் போவது ஒரு வீரன் மட்டுமன்று. ஏறுவதா வீழ்வதா என்ற அவ்வாண்டின் விதியும் அவனோடு சேர்ந்து போய்விடக்கூடும்.

2020 ஆம் ஆண்டின் கோடையிறுதியிலே, சில வார காலத்துள் நடந்த ஒரு சங்கிலி நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். உச்சப் பிரிவைச் சேர்ந்த அஸ்ரன் வில்லாக் கழகம் முந்திய பருவத்தில் வீழ்ச்சியினின்றும் மயிரிழையில் தப்பியிருந்தது. அதற்கு ஒரு முன்கள வீரன் தேவைப்பட்டான். இரண்டாம் பிரிவிலிருந்த பிறென்ற்போட் கழகத்தின் ஒலி வொற்கின்ஸ் என்பாரை அக்கழகம் 28 மில்லியன் பவுண் அளவில் வாங்கியது. பிறென்ற்போட் தன் வெற்றிடத்தை நிரப்ப, மூன்றாம் பிரிவிலிருந்த பீற்றர்பறோவின் ஐவன் ரோனியை வாங்கியது. ரோனி முந்திய பருவத்திலே 24 லீக் கோல்கள் அடித்தவர். பீற்றர்பறோ தன் வெற்றிடத்தை நிரப்ப, அதே மூன்றாம் பிரிவிலிருந்த பிறிஸ்ரல் றோவர்ஸ் கழகத்தின் ஜொன்சன் கிளாக்-ஹரிஸை வாங்கியது.

அடுத்து நடந்தவற்றைக் கவனியுங்கள். வொற்கின்ஸ் அஸ்ரன் வில்லாவில் நிலைபெற்றார்; பின்னர் இங்கிலாந்து அணிக்காக ஆடி, 2024 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியிலே நெதர்லாந்துக்கு எதிராக வெற்றிக் கோலையும் அடித்தார். ரோனி பிறென்ற்போட்டில் தம் முதற் பருவத்திலேயே 31 லீக் கோல்கள் அடித்தார். அக்கழகம் 2021 இல் உச்சப் பிரிவை எட்டியது. கிளாக்-ஹரிஸும் பீற்றர்பறோவில் அதே எண்ணிக்கையாக 31 லீக் கோல்கள் அடித்தார். 2021 மே 1 ஆம் நாள் லிங்கன் சிற்றிக்கு எதிரான போட்டியிலே மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த பீற்றர்பறோ, கடைசிக் கணத்தில் அவர் அடித்த தண்டவுதையினால் 3-3 எனச் சமநிலை கண்டு இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. மூவர் போனார்கள், மூவர் வந்தார்கள், மூன்று கழகங்களும் நன்மையே பெற்றன. என் மாணவன் இதனைக் கேட்டிருந்தால், "நான் சொன்னன்தானே, சேர்" என்றிருப்பான்.

ஆனால் சங்கிலி அங்கே முடியவில்லை. நான்காவது கழகம் ஒன்று உண்டு. கிளாக்-ஹரிஸை இழந்த பிறிஸ்ரல் றோவர்ஸ், அதே பருவத்திலே மூன்றாம் பிரிவின் கடைசி இடத்தைப் பெற்று நான்காம் பிரிவுக்கு வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கு ஒருவர் பிரிவே முழுக் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஒரே பருவத்தில் மூன்று முகாமையாளர்களைக் கண்ட கழகம் அது. நோய்த்தொற்றினால் வாயிற் கதவுகள் மூடப்பட்டு, சிறிய கழகங்களின் உயிர்நாடியாகிய நுழைவுச்சீட்டு வருமானம் அற்றுப்போன காலமும் அது. எனினும், கோல் அடிக்கத் தெரிந்தவனை விற்றுவிட்டு, அவனுக்கு நிகரான ஒருவனைத் தேடிக்கொள்ள முடியாமற்போனது அக்கழகமே என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஒரு குழியை மூடுவதற்கு மண் வேண்டும். அந்த மண்ணை எங்கேயோ தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டிய இடத்தில் இன்னொரு குழி விழும். மேலேயுள்ளவன் தன் குழியைக் கீழேயுள்ளவனின் நிலத்திலிருந்து மண்ணெடுத்து மூடுகின்றான். அவன் தனக்குக் கீழேயுள்ளவனிடம் எடுக்கின்றான். கடைசிக் குழி எவனுடைய முற்றத்திலே விழுகின்றதோ, அவனுக்கு மண்ணெடுக்க வேறிடமில்லை. 'போனால் இன்னொருவன்' என்ற விதி மேலே நின்று பார்ப்பவனுக்கு எப்பொழுதும் உண்மையாகவே தோன்றும். கீழே நின்று பார்ப்பவனுக்கே அவ்விதியின் மறுபாதி தெரியும். ஓர் அறநெறி உண்மையானதா என்று சோதிக்க விரும்புவோர், அதனால் நன்மை பெற்றவனிடம் மட்டும் கேட்டு அமைதல் கூடாது. சங்கிலியின் கடைசிக் கண்ணியிடமும் கேட்க வேண்டும்.

இவ்வாறு கூறியவுடன் சிலர் வேறொரு முடிவுக்குத் தாவிவிடுவர். "அப்படியானால் வீரன் போனதே தவறு. தன்னை வளர்த்த கழகத்துக்கு அவன் விசுவாசமாக இருந்திருக்க வேண்டும்" என்பர். கேட்பதற்கு இனிமையான வாதம் இது. ஆனால் விசுவாசம் என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எப்பொழுது சொல்கின்றார்கள் என்பதை வரலாற்றிலே பார்த்தால் அவ்வினிமை கசந்துவிடும்.

இங்கிலாந்திலே நெடுங்காலம் ஒரு முறை இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீரனைக் கழகம் தன் பதிவிலேயே வைத்திருக்கலாம். வேறு கழகத்துக்கு விட மறுக்கலாம். அவன் பணிய மறுத்தால் சம்பளமும் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 1961 இல் அவ்வரம்பு நீக்கப்பட்டபோது அது வாரத்துக்கு 20 பவுணாக இருந்தது. ஜோர்ஜ் ஈஸ்ற்ஹம் என்னும் வீரர் 1960 இல் தம் ஒப்பந்தம் முடிந்ததும் நியூகாசில் கழகத்தைவிட்டு விலக விரும்பினார். கழகம் மறுத்தது. அவர் ஆடாமல் நின்று, வேறு தொழில் பார்த்துப் பிழைத்தார். பின்னர் கழகம் அவரை ஆர்செனலுக்கு விற்றுவிட்டது. தம் காரியம் முடிந்துவிட்டதென்று அவர் அமைதியடையவில்லை. வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1963 இலே நீதியரசர் வில்பர்போர்ஸ் அந்தப் பழைய முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துகின்றது என்று தீர்ப்பளித்தார். 1995 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் என்னும் பெல்ஜிய வீரரின் வழக்கிலே, ஒப்பந்தம் முடிந்த வீரன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுத்தொகையின்றியே செல்லலாம் என்று தீர்த்தது.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? போகும் உரிமை இரந்து பெற்றதன்று, போராடிப் பெற்றது. போக முடியாதவனிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது, கட்டி வைத்த மாட்டினிடம் நன்றியை எதிர்பார்ப்பது போன்றது. விசுவாசம் அறமாக வேண்டுமானால், போகவும் கூடிய ஒருவன் தானாக விரும்பி நிற்க வேண்டும். ஆகவே ரோனி போனதையோ, கிளாக்-ஹரிஸ் போனதையோ துரோகம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒரு முன்கள வீரனின் தொழில் வாழ்க்கை குறுகியது. முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் அதனை ஒரு நாளில் முடித்துவிடலாம். அவனை மேலே போகாதே என்று தடுப்பவர், தம் மகனுக்கு அதே வாய்ப்பு வந்தால் என்ன சொல்வார் என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

அங்ஙனமாயின், போவதும் தவறன்று. போனவனின் இடத்தை நிரப்புவதும் தவறன்று. பிறகு எங்கேதான் நம் மனம் உறுத்துகின்றது? 'ஈடு' என்ற நமது சொல்லைச் சற்று உற்று நோக்கினால் விடைக்கான வழி புலப்படும்.

ஈடு என்றால் ஒப்பு, நிகர். ஈடு என்றால் இழந்ததற்குப் பதிலாகக் கொடுப்பது. ஈடு என்றால் அடகு. காணியை ஈடு வைத்தோம் என்று நம்மூரிலே சொல்கின்றோம். மூன்று பொருளுக்கும் அடியிலே இருப்பது ஒரே எண்ணந்தான்: ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம் என்ற எண்ணம். ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலொன்றில் இதே எண்ணத்தின் வழியே ஓர் எல்லைக்கோட்டை வரைந்தார். பொருள்களுக்கு விலை உண்டு. விலையுள்ளது எதுவோ அதற்குப் பதிலாக நிகரான வேறொன்றை வைக்கலாம். எதற்கு நிகரானது ஒன்றுமேயில்லையோ அதற்கு இருப்பது விலையன்று, மாண்பு. இது அவருடைய கருத்தின் சாரம். நம் மொழியிலே சொன்னால், ஈடுள்ளதற்கு விலை, ஈடில்லாததற்கு மாண்பு.

இதனைக் கொண்டு ஒரு முன்கள வீரனைப் பார்ப்போம். அவனிடத்தில் ஈடுள்ளது ஒன்று உண்டு. அது அவன் செய்யும் வேலை. 24 கோல் அடித்தவன் போனான். 31 கோல் அடிப்பவன் வந்தான். வேலைக்கு ஈடு கிடைத்துவிட்டது. வட்டியும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் அவ்வேலையைச் செய்தவன் வேறு. ரோனியின் இடத்திலே கிளாக்-ஹரிஸ் நின்றார். ரோனியாக அவர் ஆகவில்லை. இடம் நிரம்பியது, ஆள் ஈடாகவில்லை. இடத்தை நிரப்புவதையும் ஆளை ஈடு செய்வதையும் ஒன்றென்று மயங்குவதே என் மாணவனின் 'அவ்வளவுதானே' என்ற சொல்லில் மறைந்திருந்த பிழை.

இம்மயக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்குக் கிளாக்-ஹரிஸின் வாழ்க்கையே சான்று. பதினாறு வயதிலே கொவென்றி அணிக்காகக் களமிறங்கியவர் அவர். 2012 இல் அவரை வாங்கிய கழகம் பீற்றர்பறோவே. ஆனால் அங்கே அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. வேறு கழகங்களுக்குக் கடனாக அனுப்பினார்கள். அடுத்த ஆண்டிலே ஓல்ட்ஹமுக்கு விட்டுவிட்டார்கள். ஓல்ட்ஹம், றொதர்ஹம், மீண்டும் கொவென்றி, பின்னர் 2019 இல் பிறிஸ்ரல் றோவர்ஸ் என்று அவர் பயணம் தொடர்ந்தது. 2020 இல் அதே பீற்றர்பறோ, பெருந்தொகை கொடுத்து அவரைத் திரும்ப அழைத்தது. அன்று வேண்டப்படாதவன், இன்று மீட்பன். மனிதன் ஒருவனே. அப்படியானால் மாறியது எது? அவர் வளர்ந்தார் என்பது ஒரு பகுதி உண்மை. அவரைச் சூழ்ந்திருந்தவர்களின் தேவை மாறிற்று என்பது மறுபகுதி. விலை என்பது மனிதனுக்குள்ளே இருப்பதைச் சொல்வதன்று. அவனை வேண்டி நிற்பவர்களின் வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வது. 1905 இல் மிடில்ஸ்பறோக் கழகம் அல்ப் கொமன் என்பாரை 1,000 பவுணுக்கு வாங்கியபோது ஒரு மனிதனுக்கு இவ்வளவா என்று பலர் திகைத்தனர். வீழ்ச்சியின் விளிம்பில் நின்ற கழகம் அது; அவ்வாண்டு வீழாமல் தப்பியது. அந்த 1,000 பவுண் கொமனின் அளவைக் காட்டியதா, கழகத்தின் அச்சத்தின் அளவைக் காட்டியதா?

விலை குறைந்தபோது தன் மதிப்பே குறைந்துவிட்டதென்று மனிதன் எண்ணுகின்றான். இது விலையோடு வாழ்பவனுக்கு நேரும் பெருந்துன்பம். கடனாக அனுப்பப்பட்டு, ஊர் ஊராக அலைந்து, வாடகை அறையிலே இரவு தனித்திருக்கும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனிடம் சொல்லவேண்டியது, "உன் வேலைக்கு இன்று இங்கே இடமில்லை" என்பது. ஆனால் அவன் காதிலே விழுவது, "உனக்கு இவ்வுலகில் இடமில்லை" என்பது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்லாலும் செயலாலும் காப்பாற்றுவதே நாகரிக சமுதாயத்தின் கடமை.

வெற்றிடத்தை நிரப்பும் முறையிலும் அறம் உண்டு. பிறென்ற்போட் கழகத்திலே 2019 இல் நீல் மொப்பே என்னும் முன்கள வீரர் பிறைற்றனுக்குச் சென்றபோது, அவ்விடத்துக்கு வந்தவர் ஏற்கெனவே அங்கே பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்த வொற்கின்ஸ். நடுவிலே நிறுத்தப்பட்ட அப்பருவத்தில் அவர் இருபதுக்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். வெளியே ஓடித் தேடுமுன், தம்மிடத்தில் இருப்பவனைப் புதிய கண்ணோடு பார்த்தார்கள். அவனுக்குள் உறங்கிய ஆற்றல் விழித்தது. ஒருவன் பிரிவு இன்னொருவன் மலர்வதற்கு வழியாகவும் அமையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வொற்கின்ஸின் முதற் கழகமாகிய எக்செற்றர் சிற்றியின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 2003 தொடக்கம் ஆதரவாளர்களின் அமைப்பொன்றே உடைமையாகக் கொண்டு நடத்தும் கழகம் அது. சிறுவனாக இருந்தபோதே வொற்கின்ஸைச் சேர்த்து வளர்த்தது. 2017 மே மாதம் நான்காம் பிரிவின் ஏற்ற இறுதிப் போட்டியிலே பிளக்பூலிடம் 2-1 எனத் தோற்றது; அதே கோடையில் வொற்கின்ஸ் போய்விட்டார். அவ்விடத்துக்கு அவரைப்போல் விரைவும் நளினமும் உடைய ஒருவனைத் தேடி அக்கழகம் அலையவில்லை. ஸ்கொத்லாந்திலிருந்து ஜேடன் ஸ்ரொக்லி என்பாரை அழைத்தது. அவர் உயர்ந்து எழுந்து தலையால் மோதிக் கோலடிப்பவர். முற்றிலும் வேறான வீரர். பந்து வரும் வழியை அவருக்கேற்ப மாற்றி ஆடிய எக்செற்றர், அடுத்த ஆண்டும் அதே இறுதிப் போட்டிக்கு வந்தது. அங்கே கொவென்றியிடம் 3-1 எனத் தோற்றது என்பது உண்மையே. ஆயினும், வந்தவனைப் போனவனின் சட்டைக்குள் திணிக்காமல், வந்தவனுக்கேற்பச் சட்டை தைத்த கழகம் அது. புதியவனிடம், "நீ அவனாக இரு" என்று கேட்பது இருவருக்கும் இழைக்கும் அநீதி. போனவனை அது ஓர் அச்சாக்கிவிடுகின்றது. வந்தவனை அவ்வச்சின் வார்ப்பாக்கிவிடுகின்றது. "அவன் விட்ட இடத்திலிருந்து நீ தொடங்கு, உன் வழியிலே நட" என்று சொல்வதே முறை.

எக்செற்றரின் கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. வொற்கின்ஸை விற்றபோது, பின்னொருகால் அவர் மீண்டும் விற்கப்பட்டால் அத்தொகையில் ஒரு பங்கு தனக்கு வரவேண்டும் என்று அக்கழகம் எழுதிவைத்திருந்தது. 2020 இல் அஸ்ரன் வில்லா கொடுத்த பணத்தில் ஒரு பங்கு எக்செற்றருக்கு வந்து சேர்ந்தது. மைதானம் மூடிக்கிடந்த அந்தக் காலத்தில் அது பெரிய ஆதரவாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. நாடு விட்டு நாடு நடக்கும் மாற்றங்களிலே, தொகையின் நூற்றுக்கு 5 பங்கை, அவ்வீரனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்று உலகச் சம்மேளனம் 2001 தொடக்கம் விதித்துள்ளது. இவை கணக்குப்புத்தகச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றின் அடியிலே ஓர் அறக்கருத்து இருக்கின்றது: எந்த ஆற்றலும் ஒருவன் தனியே ஆக்கியதன்று. மழையில் நனைந்துகொண்டு சிறுவர்களுக்குப் பந்துதைக்கக் கற்பித்த பயிற்றுநன் ஒருவன் எங்கோ இருக்கின்றான். அவனுடைய பங்கை நினைவில் வைத்திருக்கும் விற்பனை, வெறும் விற்பனையினின்றும் ஒரு படி உயர்ந்தது.

ஆனால் பங்கு எழுதிவைக்கும் வலிமைகூட இல்லாதவர்களின் நிலை என்ன? 1885 இல் தோன்றி, 1894 முதல் லீக்கில் ஆடி, இருமுறை இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்ற பெறிக் கழகம், 2019 ஓகஸ்ற் மாதம் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. சில மாதங்களின் முன்னர்தான் அது மூன்றாம் பிரிவுக்கு ஏறியிருந்தது. களத்தில் வென்ற அணியின் வீரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வருவாய்க்கு மிஞ்சிச் செலவிட்ட ஆண்டுகளின் கடன் அக்கழகத்தை விழுங்கிற்று. இன்னும் ஒரு வீரன், இன்னும் ஒரு வீரன் என்று வெற்றிடத்தை வாங்கி நிரப்பும் வேட்கைக்கு எல்லையில்லாவிடில், கடைசியிலே நிரப்புவதற்குக் கழகமே இராது. ஒரு கழகம் மறைந்தால் அவ்வூர் மக்களிடம், "பக்கத்து ஊரில் இன்னொரு கழகம் இருக்கின்றதே, அவ்வளவுதானே" என்று யாராவது சொல்லத் துணிவார்களா? பெறியின் மக்கள் அப்படி எண்ணவில்லை. பல படிகள் கீழேயிருந்து தொடங்கவேண்டியிருந்தும், தம் பழைய மைதானத்துக்கே அணியைத் திரும்பக் கொண்டுவந்தனர்.

பிறிஸ்ரல் றோவர்ஸின் கதையையும் முடித்துவிடுகின்றேன். வீழ்ந்த மறு ஆண்டிலேயே அது எழுந்தது. 2022 மே மாதத்தின் கடைசிப் போட்டியிலே ஸ்கந்தோர்ப் கழகத்தை 7-0 என வென்று, நோதாம்ரனுடன் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமநிலை பெற்று, அடித்த கோல்களின் எண்ணிக்கையால் மட்டும் முந்தி, மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. ஏழாவது கோலை அடித்தவர் எலியற் அன்டர்சன். நியூகாசிலிலிருந்து சில மாதங்களுக்குக் கடனாக வந்திருந்த இளைஞர். ஒரு பெரிய முன்கள வீரனை இழந்த கழகம், பலரின் உழைப்பாலும் இரவல் வந்த ஒருவனின் தலையாலும் எழுந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஆனந்தக் கூத்தாடினர். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மறுபக்கத்திலே நின்ற ஸ்கந்தோர்ப் அணியையும் பார்க்க வேண்டும். 1950 இல் லீக்கில் இணைந்து 72 ஆண்டுகள் நின்ற கழகம், ஏற்கெனவே வீழ்ச்சி உறுதியாகிவிட்ட நிலையில், அனுபவம் குறைந்த இளைஞர் பலரோடு அங்கே நின்றது. றோவர்ஸின் குழியை மூடிய மண் அவர்களுடைய முற்றத்திலிருந்து வந்தது.

போட்டி என்று ஒன்று உள்ளவரை ஒருவன் ஏற ஒருவன் வீழத்தான் வேண்டும் என்பர். உண்மை. வீழ்ச்சியே இல்லாத ஆட்டத்தை நான் வேண்டவில்லை. வீழ்ந்தவன் மீண்டும் எழக்கூடிய ஆழத்திலே குழி இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகை. றோவர்ஸ் ஓராண்டில் எழுந்தது. ஆகவே அதன் வீழ்ச்சி விளையாட்டின் ஒரு பகுதி. பெறி விழுந்த குழி வேறு; அது விளையாட்டன்று. மேலேயுள்ளவர்கள் தமக்குக் கிடைப்பதில் நியாயமான பங்கைக் கீழே வழியவிட்டால், குழியின் ஆழம் குறையும். வழியவிடாவிட்டால், தமக்கு வீரர்களை வளர்த்துத் தரும் நிலத்தையே அவர்கள் தோண்டித் தீர்த்துவிடுவர். இது கருணையின் பேச்சு மட்டுமன்று, கணக்கின் பேச்சுங்கூட.

நான் ஆசிரியன். இடமாற்றம் என்பது என் தொழிலோடு பிறந்தது. இப்பாடசாலைக்கு நான் வந்த முதல் நாள் வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து, "முந்தின சேர் இதை வேற மாதிரிச் சொல்லித் தந்தவர்" என்றாள். எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. முன்னவர் ஈடாகிவிடவில்லை; அவர் அந்தப் பிள்ளையின் நினைவில் இருந்தார். நேரசூசியில் அவர் பெயர் இருந்த இடத்திலே என் பெயர் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே. மறுநாள் அவளிடம், "அவர் சொன்ன மாதிரியைச் சொல்லு, கேட்பம், பிறகு நான் என்ர மாதிரியைச் சொல்லுறன்" என்றேன். அன்றுதான் அவ்வகுப்பு என்னுடைய வகுப்பாயிற்று. நாளை நானும் போவேன். என் இடத்துக்கும் ஒருவர் வருவார், வரவும் வேண்டும். பிள்ளைகளின் பாடம் என் பொருட்டு நின்றுவிடக்கூடாது. ஆனால் அன்றைக்கும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து நின்று அப்படி ஒரு வார்த்தை சொல்லுமாயின், நான் வாழ்ந்தது வீண்போகவில்லை என்று கொள்வேன்.

ஆகவே என் மாணவனுக்கு அன்று சொல்லாத விடையை இப்பொழுது சொல்கின்றேன். தம்பி, போனவனுடைய இடத்துக்கு இன்னொருவன் வருவான், வருவது நல்லது. ஆனால் அவ்வளவுதான் என்று சொல்லிவிடாதே. போனவன் கட்டுண்டு கிடக்காமல், உரிமையோடு போனானா என்று கேள். வந்தவனை அவனாகவே இருக்கவிட்டார்களா என்று கேள். இருவரையும் வளர்த்தவனுக்குரிய பங்கு போய்ச் சேர்ந்ததா என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த இடத்தை நிரப்பியதால் எந்த இடம் வெறுமையாயிற்று என்று கேள். இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னர், விசில் ஊதட்டும், ஆட்டம் தொடங்கட்டும்.